பூட்டின பெட்டிக்குள் செவ்வாய்

உக்காருங்கம்மா, உக்காருங்க. கரண்டு போனா என்ன, வந்துரும். இந்த ஏரியாவுல மத்தியானம் ஒரு தடவ போகும், அப்பறம் அதுவா வந்துரும். யூபிஎஸ் பேட்டரி செத்துப் போச்சு, மாத்தணும் மாத்தணும்னு இருக்கேன், கீகீன்னு கத்துதே தவிர தாங்க மாட்டேங்குது. ஐயோ, அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆட்டம். இதுல உக்காருங்க. உங்க பொண்ணு ஜாதகம் எழுதி, அந்தப் பையன் ஜாதகத்தோட பொருத்தம் பாக்கணும், அவ்வளவுதானே? கரண்டு வந்தா ரெண்டே நிமிசம்.

விசாரிச்சுட்டுத்தானே வந்தீங்க? டோல்கேட்டுல கம்ப்யூட்டர் ஜாதகம்னா அமிர்தலிங்கம் கடைன்னு ஆட்டோக்காரனே சொல்லுவான். ஏன்? நான் பெரிய ஜோசியன்னா? இல்லம்மா. எனக்கு ஜோசியமே தெரியாது. அதை நான் யார்கிட்டயும் மறைக்கறதில்ல. தெரிஞ்சவங்கதான் தில்லுமுல்லு பண்ணுவாங்க. என் மச்சினர் ஒருத்தர் ஜோசியர், பேர் சொல்ல வேணாம். பொண்ணு வீட்டுல வடையும் காப்பியுமா நல்லாக் கவனிச்சாங்கன்னா, அவர் போடற கட்டத்துல செவ்வாய் மெதுவா நகந்து பக்கத்து வீட்டுல போயி உக்காந்துக்கும். மிஷின் காப்பி குடிக்காது. அதுக்கு வேண்டியவங்க வேண்டாதவங்க கிடையாது. தேதி, நேரம், ஊரு. மூணையும் தட்டினா கட்டம் வந்துரும். நடுவுல மனுசன் கை படாது. அதுக்குத்தான் சனம் இங்க வருது.

நான் எதையும் கண்ணால பாக்காம நம்பற ஆளு இல்லம்மா. நல்லெண்ணெய் வேணும்னா கடையில பாக்கெட்டு வாங்க மாட்டேன். எள்ளை நானே மொட்டை மாடியில காயப் போட்டு, தூக்கிட்டுப் போயி செக்குல கொட்டி, ஆட்டி முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நிப்பேன். செக்குக்காரன் சலிச்சுக்குவான், சலிச்சுக்கட்டும். வண்டிய சர்வீசுக்கு விட்டா மெக்கானிக் முன்னாடி ஸ்டூல் போட்டு உக்காந்துக்குவேன், எந்த போல்ட்டைக் கழட்டறான் எதை மாட்டறான்னு பாக்கணும். ஓட்டலுக்குப் போனா முதல்ல அடுப்படிய எட்டிப் பாத்துட்டுத்தான் கை கழுவுவேன். என் வீட்டுக்காரி தனபாக்கியம் இதுக்காகவே என்கூட வெளிய சாப்பிட வர மாட்டா. என் சுபாவம் அப்படி.

அந்த போட்டோவா? அது என் பையன்தான். திருமாறன். சாமி படத்துக்குக் கீழ மாட்டியிருக்கேன்னு தப்பா நெனச்சுராதீங்க, ஐயையோ, நல்லாத்தான் இருக்கான். நல்லாத்தான் இருக்கான்னு தனபாக்கியம் சொல்றா. இங்கதான் உறையூர்ல இருக்கான். நான் பாத்து நாளாச்சு.

சொல்றேன். கரண்டு வர்ற வரைக்கும் வேற என்ன வேல. நீங்களே சொல்லுங்க, நான் செஞ்சது தப்பான்னு.

பையன் ஒரு ஆஸ்பத்திரியில மருந்துக் கடை பாக்கறான். அதே ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர் செக்சன்ல ஒரு பொண்ணு, தர்சிகா. ஏர்போர்ட் போற ரோட்டுல சிலோன்காரங்க முகாம் இருக்குல்ல, அங்கதான் வீடு. சின்னப் புள்ளையா இருக்கையில அம்மாவோட போட்டுல வந்தது. அப்பா கிடையாது, அங்கயே போயிட்டார். இவன் வந்து என்கிட்ட நேராச் சொன்னான், "அப்பா, இந்தப் பொண்ணத்தான் கட்டிக்கணும்னு இருக்கேன்"னு. நான் என்ன குதிச்சனா? சத்தம் போட்டனா? இல்லம்மா! நம்ம ஆளுங்களே என்ன சொன்னாங்க தெரியுமா, அகதிப் பொண்ணா, வீடு வாசல் இல்லாத இடமா, அப்படி இப்படின்னு. நான் ஒருத்தன்தான் சரின்னேன். பொண்ணு நல்ல பொண்ணு, அடக்கமா இருக்கும், அதே சமயம் கேட்ட கேள்விக்கு டக்குன்னு பதில் வரும். எனக்குப் பிடிச்சுப் போச்சு. ஒரே ஒரு வார்த்ததான் சொன்னேன். பொருத்தம் பாத்துருவோம். ஊருக்கே பாத்துக் குடுக்கறவன் வீட்டுல பாக்காமச் செய்ய முடியுமா?

அவங்க அம்மா யோகராணியும் பொண்ணும் வந்தாங்க. இதோ, நீங்க உக்காந்திருக்கற இடத்துலதான் அந்தம்மா உக்காந்திருந்துச்சு. ஜாதகம்னு ஒன்னும் எழுதி வைக்கல. போர் நடக்கற ஊர்ல யாரு எழுதறது? ஆனா நேரம் மனசுல இருக்குன்னாங்க. "ராத்திரி எட்டு மணி தாண்டிட்டுது அண்ணை. ஆஸ்பத்திரி எண்டு சொல்ல ஏலாது, பள்ளிக்கூடக் கட்டடம். டொக்டர் தன்ர மணிக்கூட்டைப் பாத்து உரத்துச் சொன்னவர். நான் மறக்கேல்ல." நிமிசத்தோட சொன்னாங்க. ஊரு மல்லாவின்னாங்க. என் கம்ப்யூட்டர் பெட்டியில மல்லாவி இல்ல. பக்கத்துல என்னன்னு கேட்டு கிளிநொச்சின்னு போட்டேன். தட்டினேன்.

கன்னி லக்னம். ஏழுல செவ்வாய்.

பிரிண்ட் எடுத்துக் கையில வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டேன். ஏழுல செவ்வாய்னா உங்களுக்குத் தெரியாததா? கட்டினவன் உசுருக்கு ஆகாதும்பாங்க. என் பையன் ஜாதகத்துல செவ்வாய் சுத்தம். அதுக்கு இது சேரவே கூடாது. என் ஒரே பையன்மா.

அந்தம்மா அழல. அழுதிருந்தாக் கூட நான் ஆறுதல் சொல்லி அனுப்பி வச்சிருப்பேன். கேள்வி கேட்டுச்சு. "அண்ணை, இது எந்த நேரம் எண்டு போட்டது?" நீங்க சொன்ன நேரம்தாம்மான்னேன். "இல்ல அண்ணை, பழைய நேரமோ, புதிய நேரமோ?"

எனக்கு ஒன்னும் புரியல. அப்பறம் அந்தப் பொண்ணு வெளக்குச்சு. அந்த நாட்டுல அரசாங்கம் கொஞ்ச வருசம் கடிகாரத்தையெல்லாம் அரைமணி முன்னாடி தள்ளி வச்சிருந்துச்சாம். ஆனா இவங்க இருந்த பக்கம் புலிகள் இயக்கத்துக் கையில. அவங்க தள்ளி வைக்கல, பழைய நேரத்தையே வச்சுக்கிட்டாங்க. ஒரே நாட்டுல ரெண்டு நேரம். இவங்க பக்கம் எட்டுன்னா அரசாங்கப் பக்கம் எட்டரை. சோதனைச் சாவடி தாண்டினா மணிக்கூட்டத் திருப்பி வைக்கணுமாம். கேட்டிருக்கீங்களா இப்படி ஒரு கூத்தை?

"மாமா, அம்மா சொன்னது பழைய நேரம். இந்தப் பெட்டி கிளிநொச்சி எண்டதும் அரசாங்க நேரம் எண்டு நினைச்சு அரைமணியக் கழிச்சிருந்தா, லக்னம் மாறிப் போயிருக்கும் தானே? கழிக்குதோ இல்லையோ எண்டு பாக்கலாமா?"

பாக்கலாமான்னு கேட்டா நான் எங்கம்மா போயி பாக்கறது? அது உள்ள நடக்கற விஷயம். எனக்கு மூக்குக்கு மேல கோவம் வந்துருச்சு, நான் மறைக்கல. தோஷம்னு வந்ததும் நேரத்த மாத்தப் பாக்கறாங்கன்னு தோணுச்சு. எத்தன பேரைப் பாத்திருக்கேன் நான்! ஏழு மணின்னு சொல்லிட்டு, கட்டம் சரியில்லன்னதும் இல்ல சார் ஏழே காலா இருக்கும்பாங்க. நாலு மணின்னது நாலரை ஆகும். அந்த வகையில சேத்துட்டேன்.

அந்தப் பொண்ணு விடல. "மாமா, ஒரு தடவ ஊரைத் திருச்சி எண்டு போட்டுப் பாருங்கோ. எங்கட பழைய நேரமும் இந்திய நேரமும் ஒண்டுதான். ஊர் தள்ளி இருந்தா ஏதோ கொஞ்சம்தான் முன்னப்பின்ன ஆகும், அரைமணி ஆகாது." சரி, பாத்துட்டு வாயை மூடட்டும்னு தட்டினேன்.

துலாம் லக்னம். செவ்வாய் ஆறுல. தோஷம் இல்ல.

என்ன சொல்றது? அதே பொண்ணு, அதே ராத்திரி, அதே பெட்டி, ரெண்டு தலையெழுத்து. பையன் பின்னாடி நின்னுட்டிருந்தான், "பாத்தீங்களாப்பா!"ன்னு கத்தினான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? டேய், பொய்யைக் குடுத்தா அது பொய்யைத்தான் குடுக்கும். இந்தப் பொண்ணு என்ன திருச்சியிலயா பொறந்துச்சு? நியாயந்தானே? நீங்களே சொல்லுங்க.

ஆனா உள்ளுக்குள்ள சுருக்குன்னுச்சு. பொய் சொல்லக் கூடாது உங்ககிட்ட.

அப்பறம் அந்தப் பொண்ணு போனை எடுத்து ஒன்னு காட்டுச்சு. அதுவும் ஜாதகம் போடற சாமான்தானாம், இன்டர்நெட்டுல சும்மா கெடைக்குமாம். அதுல ஒரு விசேஷம், அதை எப்படி எழுதியிருக்காங்கங்கறதையும் கூடவே வச்சிருக்காங்க. சோர்ஸ் கோடும்பாங்களாம். "மாமா, எந்தப் புரோகிராமும் வானத்தால விழுந்ததில்ல. ஆரோ ஒருத்தர் உக்காந்து, இப்படி வந்தா இதைக் கழி, அப்படி வந்தா அதைக் கூட்டு எண்டு எழுதினதுதான். அதைப் படிச்சுப் பாத்தாத்தான் அவர் என்ன நினைச்சு எழுதினவர் எண்டு விளங்கும். இங்க பாருங்கோ." பாத்தேன். பொடிப் பொடியா இங்கிலீஷ். இலங்கைன்னு ஒரு இடம், பக்கத்துல வருசம், இந்த வருசத்துலேருந்து இந்த வருசம் வரைக்கும் அரைமணின்னு எழுதியிருந்துச்சு. "எழுதினவருக்கு அரசாங்க நேரம்தான் தெரியும், எங்கட பக்கம் தெரியாது. பிழை அவரில இல்ல. ஆனா எழுதி வச்சிருக்கிறதால எங்களுக்குக் கண்ணுல படுது. கண்ணுல பட்டதால நான் எங்கட ஊருக்குத் திருத்திப் போட்டன்"னு சொல்லி, வந்த கட்டத்தக் காட்டுச்சு. துலாம் லக்னம்.

திருத்திப் போட்டேன்னுச்சு பாருங்க, அந்த வார்த்ததான் எனக்கு ஆகல. யாரு வேணா திறந்து பாக்கலாம், யாரு வேணா திருத்தலாம்னா அது என்னம்மா சத்தியம்? திறந்து கெடக்கற வீட்ட நம்புவீங்களா, பூட்டியிருக்கற வீட்ட நம்புவீங்களா? கேட்டேன். அதுக்கு அந்தப் பொண்ணு, "பூட்டின வீட்டுக்கு உள்ள ஆர் இருக்கினம் எண்டு தெரியாதே மாமா"ன்னுச்சு. எதுக்கெடுத்தாலும் ஒரு பதில்!

சரி, நான் அநியாயக்காரன் இல்ல. மறுநாளே கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன், எனக்கு இந்தப் பெட்டிய வித்த கம்பெனிக்கு. முதல்ல ஒரு பொண்ணு எடுத்து, "சார், கம்ப்யூட்டர ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க"ன்னுச்சு. எம்மா, சிலோன்ல அரைமணி கழிக்குதா கழிக்கலயான்னு கேட்டா ஆஃப் பண்ணச் சொல்றியே! அப்பறம் மேனேஜர் வந்தார். நல்ல மனுசன், பதமாப் பேசினார். "உள்ள என்ன இருக்குன்னு காட்டறதில்ல சார், அது கம்பெனி ரகசியம்"னார். காட்ட வேணாம் சார், நீங்களே பாத்து எனக்கு ஒரு வார்த்த சொல்லுங்கன்னேன். அப்பறம் குரலைத் தணிச்சுக்கிட்டுச் சொன்னார். "சார், உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. எழுதினவர் காலமாகிட்டார். அவர் எழுதின மூலப் பிரதி, அந்த சோர்ஸ் கோடு, எங்ககிட்டயே இல்ல. ஓடற ஃபைல் மட்டும்தான் இருக்கு. வருசா வருசம் மேல பிள்ளையார் படத்த மாத்தி, கலரை மாத்தி புதுசுன்னு குடுக்கறோம். உள்ள நாங்க கையே வச்சதில்ல சார்."

கையே வச்சதில்ல! எவ்வளவு உறுதியான சாமான் பாருங்க. இத்தன வருசம் ஓடுது, உள்ள ஒருத்தர் தொடல. வீட்டுல போயி தனபாக்கியத்துகிட்ட இதைப் பெருமையாத்தான் சொன்னேன். அவ அப்பத்தான் எண்ணெய்ய டின்னுலேருந்து ஜாடியில ஊத்திக்கிட்டிருந்தா. நிமிந்து பாத்தா. "எள்ளு ஆட்டும்போது செக்குகிட்ட மணிக்கணக்கா நிக்கறீங்க. தோசைக்கு ஊத்தற எண்ணெய்க்கு அவ்வளவு சந்தேகம். பெத்த புள்ள வாழ்க்கைய எவனோ பூட்டிட்டுச் செத்துப் போன பெட்டிகிட்ட குடுத்துட்டு வந்து நிக்கறீங்களே"ன்னா. அடியே, அது வேற, இது வேறன்னேன். வேறதானேம்மா? எண்ணெய்ல கலப்படம் பண்ணினா ஒருத்தனுக்கு லாபம். இதுல பொய் சொன்னா யாருக்கு என்ன லாபம்? லாபம் இல்லாம ஒன்னு எப்படித் தப்பாகும்?

என்ன கேட்டீங்க? ஆமா, தெரியாமத் தப்புப் பண்ணலாம். அதைத்தான் என் பையனும் சொன்னான்.

இன்னொன்னு இருக்கு, அதையும் சொல்லிடறேன். ஒருவேள அந்தப் பொண்ணு சொல்றது சரின்னே வச்சுக்குவோம். அப்ப நான் முகாம் ஆளுங்களுக்கு இத்தன வருசம் போட்டுக் குடுத்ததெல்லாம்? அதுல எத்தன பேரு இயக்கம் இருந்த வன்னிப் பக்கம், எத்தன பேரு அந்த வருசங்கள்ல பொறந்தவங்க? சுகந்தாங்கற ஒரு பொண்ணு முகாம்லேருந்து வந்துச்சு, கட்டத்துல செவ்வாய் இருக்குன்னு விழுந்துச்சு. செவ்வாய்க்குச் செவ்வாய்தான்னு தேடித் தேடி, சம்சாரத்த இழந்த ஒருத்தருக்குக் கட்டி வச்சாங்க. அப்பன் வயசு. இப்ப அது முகாமுக்கே திரும்பி வந்துருச்சு. பஸ்ஸுல என்னைப் பாத்தா எழுந்து நின்னு இடம் குடுக்கும். வேணாம்மா உக்காரு, நான் நிக்கறேன்னு சொல்லிட்டு முன்னாடி போயிருவேன். அந்தப் பொண்ணுக்குத் திருச்சின்னு போட்டுப் பாத்தீங்களான்னு கேக்காதீங்க. பாக்கல. பாத்து என்ன ஆகப் போகுது?

அதனால முடிவாச் சொல்லிட்டேன். பெட்டி என்ன சொல்லுதோ அதுதான். எனக்குப் புடிச்சா நம்பறது, புடிக்கலன்னா நம்பாம விடறதுன்னு இருந்தா, நாளைக்கு நீங்க எப்படி என்னை நம்பி வருவீங்க? அவங்க ரெண்டு பேரும் ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. முகாம் பிள்ளையார் கோயில்ல மாலை மாத்தினாங்களாம். தனபாக்கியம் கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனா. எந்தக் கோயில்னு நான் கேக்கல.

அதுக்கப்பறம் எனக்கு நிம்மதி போச்சும்மா. போன் அடிச்சா ஆஸ்பத்திரி நம்பரான்னு முதல்ல பாப்பேன். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டா கடைக்கு வெளிய வந்து எந்தப் பக்கம் போகுதுன்னு பாப்பேன். ஒரு நாள் நெசமாவே போன் வந்துருச்சு. பாலக்கரைகிட்ட வண்டியோட விழுந்துட்டான், கால் ஒடஞ்சு போச்சுன்னாங்க. செருப்புப் போட்டனா இல்லையான்னு கூடத் தெரியாம ஓடினேன். கட்டில்ல படுத்திருக்கான், கால்ல மாவுக்கட்டு. பக்கத்துல அந்தப் பொண்ணு உக்காந்து ஆரஞ்சு உரிச்சுக் குடுத்துக்கிட்டிருக்கு. எனக்கு என்ன வந்துச்சோ. வார்டே பாக்க, நர்சு பாக்க, "உன் செவ்வாய்தான் என் புள்ளையப் படுக்க வச்சிருக்கு"ன்னு கத்திட்டேன்.

பையன் பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னான். "அப்பா, நாய் குறுக்க வந்துச்சு. நாய்க்கும் ஏழுல செவ்வாயா?"

அந்தப் பொண்ணு ஆரஞ்சக் கீழ வச்சுச்சு. கையத் தொடச்சுக்கிட்டு என் முன்னாடி வந்து நின்னுச்சு. கண்ணு ரெண்டும் கலங்கியிருக்கு, குரல் மட்டும் நடுங்கல. "மாமா, நான் உங்களோட சண்டைக்கு வரேல்ல. நீங்கள் சொல்லுறது உண்மையெண்டா எனக்கும் தெரியோணும். அவர் என்ர மனுசன். என்னால அவருக்கு ஏதும் ஆகும் எண்டா உங்களை விட எனக்குத்தான் பயம். எங்க எழுதியிருக்கு எண்டு காட்டுங்கோ. காட்டினா நான் இண்டைக்கே விலகிப் போறன். ஆனா காட்டுங்கோ."

எதைம்மா காட்டுவேன்? என்கிட்ட இருக்கறது ஒரு பிரிண்டு. அதுக்குப் பின்னால போகணும்னா பூட்டு. வித்தவன்கிட்டயும் சாவி இல்ல. எழுதினவனும் போய்ச் சேந்துட்டான். வெளிய வந்து, மாடிப்படியில உக்காந்து, சின்னப் புள்ள மாதிரி அழுதேன். கோவத்துலதான் அழுதேன். பெரியவங்களை அப்படி நிக்க வச்சுக் கேக்கலாமா? நீங்களே சொல்லுங்க, மாமனாரைப் பாத்துக் கேக்கற கேள்வியா அது?

ஆனா ஒன்னு சொல்றேன். அந்தக் கேள்வி இன்னும் போகல. பெட்டி சரின்னா என் புள்ளைக்கு ஆபத்து. பெட்டி தப்புன்னா நான் அந்தப் பொண்ணை வார்டு நடுவுல வச்சுச் சாகடிச்சிருக்கேன். ரெண்டுல ஏதோ ஒன்னு. எதுன்னு உள்ள எழுதியிருக்கு, ஒரே ஒரு வரி, கழிக்கணுமா வேணாமான்னு. யாராவது ஒரு தடவ திறந்து பாத்து எனக்கு இதுதான்னு சொல்லிட்டா, எதுவா இருந்தாலும் ஏத்துக்குவேன். சொல்றதுக்கு ஆள் இல்ல. நான்தான் தினம் அதுக்கு எதிர்ல உக்காந்திருக்கேன். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வச்சேன், வைக்கும்போது கை கூசுச்சு.

பையன் அதோட பேச்ச நிறுத்திட்டான். வருத்தம்தான். வருத்தம் இல்லாம என்ன?

போன மாசம் பேத்தி பொறந்திருக்கு. தனபாக்கியம் போயிட்டு வந்து, மழையில நனஞ்ச சேலையக் கூட மாத்தாம சொல்றா, "உங்க மூக்கு அப்படியே! வெள்ளிக்கிழம, காலையில, பூபாளம் மாதிரி ஒரு அழுக." நேரத்தையும் நிமிசத்தோட சொன்னா. நான் கேக்கவே இல்ல, அவளாச் சொன்னா. மறுநாள் கடைக்கு வந்ததும் முதல் வேலையா உக்காந்தேன். பேத்திக்குத் தாத்தா எழுதாம வேற யாரு ஜாதகம் எழுதறது? தேதி தட்டினேன். நேரம் தட்டினேன். ஊரு திருச்சி. நம்ம ஊரு, நம்ம நேரம், இதுல எந்தக் குழப்பமும் இல்ல. எண்டர் மேல விரல் வச்சேன்.

தட்ட முடியலம்மா.

உள்ள என்ன செய்யுதுன்னு தெரியலயே. சிலோனுக்கு ஒன்னு தெரியாமச் செஞ்சிருந்தா, நமக்கு என்ன செய்யுதோ? ஏதாவது ஒரு வீட்டுல ஏதாவது ஒன்னைக் கொண்டு போயி உக்கார வச்சிட்டா? பிரிண்டுல வந்துருச்சுன்னா அப்பறம் அழிக்க முடியாது. அந்தக் கொழந்த வளந்து, எவனோ ஒரு அப்பன் கையில வச்சுக்கிட்டு அதப் பாத்துக் கத்துவான். வேணாம்னு எல்லாத்தையும் அழிச்சுட்டு எழுந்துட்டேன். இன்னும் போடல. போட மாட்டேன்.

அட, வந்துருச்சு பாருங்க! நான் சொல்லல? ஃபேனுக்கு நேரா வாங்க, வேர்க்குது உங்களுக்கு. இது ஆன் ஆகக் கொஞ்சம் நேரம் எடுக்கும்... பிள்ளையார் வந்துட்டார், இனி சரி. சொல்லுங்க, பையனோடது அப்பறம், முதல்ல உங்க பொண்ணு. பேரு? தேதி? நேரம்? சரி. பொறந்த ஊரு?

குவைத்தா? அவங்க அப்பா அங்க வேலையில இருந்தாரா. இருக்கும் இருக்கும், பட்டியல்ல இல்லாத ஊரே கிடையாது... இதோ, குவைத். அங்க நேரம் எப்படின்னு நமக்கு என்ன தெரியும், அதெல்லாம் இது பாத்துக்கும். தட்டிட்டேன். பிரிண்ட் வருது பாருங்க, சத்தம் கேக்குதா?

ஏம்மா, பையை எடுத்துட்டீங்க? எங்க போறீங்க? உக்காருங்கம்மா, கட்டம் வந்துக்கிட்டிருக்கு. உங்க பொண்ணோடதும்மா இது.